இஷ்டப்பட்ட வேலை

"என் வீடு, என் கை. நான் என்ன செஞ்சா கவர்மெண்டுக்கு என்ன சார் நோவுது?"

அழகுமீனா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது. விஸ்வநத்தத்தில் ஒற்றை அறை வீடு. மூலையில் அடுப்பு. நடுவில் சேலைத் தொட்டிலில் குழந்தை தூங்கியது. தொட்டிலுக்குக் கீழே விரித்த சாக்கில், பாதி மருந்து அடைத்த பட்டாசுக் குழாய்கள் குவிந்து கிடந்தன.

பட்டாசுச் சோதனைக்கு வந்த தாசில்தார் ஸ்ரீராம்குமார், எதையும் மிதித்துவிடக் கூடாதென்று சுவரோரமாக நின்றார்.

"லைசென்ஸ் இல்லாம வீட்டுல மருந்து அடைக்கிறது குற்றம்மா. பொருளை எடுத்துட்டு வீட்டுக்கு சீல் வைக்கணும்."

"வைப்பீக. கம்பெனியில வெடிச்சு ஆளு சாகலையா? அங்கன செத்தா சட்டம், இங்கன செத்தா குத்தமா?"

வாசலை அடைத்து நின்ற அவள் புருஷன் காளீஸ்வரன் சிரித்தான். "இவ வாயைத் திறந்தா கலெக்டரே ஓடிருவாரு சார். ஏ புள்ள, சாருக்கு ஸ்டூலை எடுத்துப் போடு."

"இதுல நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லோடு கொண்டாந்து போடுவேன், முடிஞ்சதும் கொண்டுபோவேன் சார். அடைக்கிறதெல்லாம் அவதான். கை அம்புட்டு வேகம்."

"குழந்தை இருக்கிற இடத்துலயா?" தாசில்தார் அவள் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ளைய நான் பாத்துக்கிருவேன். கவர்மெண்டா பெத்துச்சு? ஒயின்ஷாப்பை நீங்களே திறந்து வச்சிருக்கீக. குடிச்சுச் சாகுறது அவனவன் இஷ்டம். நான் உழைச்சுச் சாகுறது மட்டும் என் இஷ்டம் இல்லையோ?"

போன வாரம் திருத்தங்கலில் ஸ்ரீராம்குமார் சீல் வைத்த வீட்டுக்காரர்கள், சட்டி பானையோடு ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றிலிருந்து அவருக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. நல்லது கெட்டது தெரிந்த ஒரு மனுஷி, தெரிந்தே இறங்கும் வேலை. அதில் போய்க் கையை வைக்க நாம் யார் என்று தோன்றியது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்களை யாரும் கட்டாயப்படுத்தலையே?"

"என்னை எவன் கட்டாயப்படுத்துறது? இஷ்டப்பட்டுத்தான் செய்றேன்!"

காளீஸ்வரன் தலையை ஆட்டிக்கொண்டான்.

தாசில்தார் பெருமூச்சு விட்டார். "மருந்தையெல்லாம் தண்ணியில கொட்டிருங்க. இந்தத் தடவை விடறேன். மறுபடி பாத்தா கேஸ்தான்."

"சரிங்க சார், சரிங்க சார்" என்று காளீஸ்வரன் வழிவிட்டான். அவர் படியிறங்கியதும் உள்ளே போய், குழாய்களைச் சாக்கோடு சேர்த்துப் பத்திரமாகச் சுருட்டத் தொடங்கினான்.

"வெயில்ல வந்திருக்காக, சாருக்குத் தண்ணி குடுத்துட்டு வாரேன்" என்று உரக்கச் சொல்லிவிட்டு, அழகுமீனா செம்போடு ஜீப் வரைக்கும் வந்தாள்.

அவர் செம்பை வாங்கினார். அவள் வீட்டுப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"என்ன சார், சீல் வைக்காமப் போறீக?"

அவருக்குப் புரியவில்லை. "நீங்கதானம்மா இஷ்டம்னு சொன்னீங்க?"

"உங்களுக்குப் போன் போட்டு வரச் சொன்னவளே நான்தான். கேஸை என் பேருலகூடப் போடுங்க, வீட்டைப் பூட்டாமப் போகாதீக" என்றாள் அழகுமீனா. "அந்தாளை வாசல்ல நிக்க வச்சுக்கிட்டு இஷ்டமான்னு கேட்டா, நான் வேற என்னத்த சார் சொல்லுவேன்?"