பால்கனிக் கீரை

ஹம்சா தூங்கிவிட்டாள் என்று தெரிந்த பிறகுதான் குருபிரசாத் பால்கனிக் கதவைச் சாத்தினான். கையுறை மாட்டிக்கொண்டு, சின்னத் தராசில் வெள்ளைப் பொடியை நிறுத்தான். ஒரு சிட்டிகை அதிகம். சுரண்டி எடுத்தான்.

வேளை வரும்வரை மனைவிக்கு விஷயம் தெரியக் கூடாது.

பொடியைத் தொட்டித் தண்ணீரில் கரைத்து மோட்டாரைப் போட்டான். சுவரோரம் அடுக்கடுக்காகப் பொருத்தியிருந்த பிளாஸ்டிக் குழாய்களில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. குழாய்களில் போட்ட துளைகளிலிருந்து பாலக்கீரை தலைநீட்டிக்கொண்டிருந்தது. மண் என்று ஒரு பிடி கிடையாது.

"கதவைச் சாத்திண்டு என்ன பண்றேள்?"

ஹம்சா பின்னால் நின்றிருந்தாள். டயாலிசிஸ் முடிந்து வரும் நாட்களில் அவள் முகம் வெளுத்துக் கிடக்கும்.

"செடிக்கு உரம் கலக்கறேன்."

"கீரை தின்னா என் ஹார்ட்டே நின்னுடும்னு டாக்டர் சொன்னப்போ நீங்களும் பக்கத்துலதானே இருந்தேள்? வளர்க்க வேற செடியே கிடைக்கலையா? எனக்கு ஆகாததை என் கண்ணெதிர்லயே வளர்க்கணுமா?"

கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

ஹம்சா ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரமெல்லாம் மஞ்சளித்துத் துவண்டிருந்தது. "இதுவும் என்னை மாதிரியேதான் இருக்கு" என்று முனகினாள்.

கொஞ்ச நாளில் இலைகள் தேறின. கரும்பச்சையில் தளதளவென்று நின்றன. புதிதாக மாட்டிய விளக்கின் வெளிச்சம் பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று குருபிரசாத் நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் அவனுடையது. மிளகும் சீரகமும் பொரித்துப் போட்ட கீரை மசியலை அவள் தட்டில் வைத்தான். ஹம்சா தட்டைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஒரேயடியா அனுப்பிடலாம்னு முடிவு பண்ணிட்டேளா?"

"முழுசாக் கேளு. கீரையில உனக்கு ஆகாதது பொட்டாசியம். மண்ணுல வளர்ந்தா அது எவ்வளவு ஏறும்னு நம்ம கையில இல்லை. தண்ணியில வளர்த்தா ஏறாம பார்த்துக்கலாம். அதுக்குத்தான் இத்தனை பாடும். இலை மஞ்சளா இருந்தப்பவே, முதல்ல பறிச்சதை லேபுக்கு அனுப்பினேன். ரொம்பக் கம்மின்னு வந்துடுத்து. டாக்டர் ஜஹீதா ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு, பயமில்லாம சாப்பிடச் சொல்லுங்கோன்னுட்டா."

"இத்தனை நாள் ஏன் சொல்லலை?"

"சரியா வரலைன்னா நீ தாங்க மாட்டியே."

ஹம்சா தலையைக் குனிந்துகொண்டாள். முதல் வாயை மெல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. நோய் வந்த நாளிலிருந்து நாக்கு மறந்திருந்த ருசி. இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டாள். கடைசியில் கிண்ணத்தையே வழித்துச் சாப்பிட்டாள். அடுத்த டயாலிசிஸ் செவ்வாய்க்கிழமைதான். அவன் தடுக்கவில்லை.

எதிரே உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டுச் செடிக்கென்று கடையில் விற்கும் உரம் எதை எடுத்தாலும் அதில் பொட்டாசியம் கலந்திருக்கும். அது இல்லாமல் தானே கலக்கக் கற்றுக்கொள்ள எத்தனை செடிகளைச் சாகடித்திருப்பான். எல்லாம் இந்த ஒரு சாப்பாட்டுக்காக.

"ஏன்னா, என்ன அப்படிப் பார்க்கறேள்?" ஹம்சா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பெருமை பூரா உங்களுக்கே இல்லை, தெரியுமோ?"

"ஏன்?"

"பாவம், வாடிக் கிடந்துதேன்னு கடையில உரம் வாங்கி நான்தான் தினமும் அந்தத் தொட்டியில ஊத்திண்டு வந்தேன்."