மாதம் இருநூறு கிராம்

"கிளினிக் திறக்கிற திகதியைச் சொல்லுங்க சேர். கேட்டுட்டுத்தான் எழும்புவன்."

இருக்கச் சொல்லாமலேயே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் வதனி. சுகாதாரப் பணிமனைப் பொறுப்பதிகாரி நல்லரத்தினத்துக்கு முகம் கறுத்தது. மூன்று மாதத்தில் இது நாலாவது தடவை. முந்தியெல்லாம் தனியாக வந்தவள், இன்று படுவான்கரையிலிருந்து பதினொரு தாய்மாரையும் தோணியில் ஏற்றிக் கூட்டி வந்திருந்தாள். பணிமனை முற்றம் முழுக்கக் குழந்தைகளின் அழுகை. வதனியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை மட்டும்.

"கொரோனாவுக்குப் பூட்டினதுதானே புள்ள. உங்கட மருத்துவிச்சி மிஸ்ஸிய டவுணுக்கு எடுத்தது, இன்னும் திருப்பித் தரல்ல. மறுகா இப்ப பெற்றோலும் இல்ல. நான் என்ன செய்ய?"

"சாராயக் கடை திறந்தாச்சு, தியேட்டர் திறந்தாச்சு. புள்ளையள நிறுக்கிற தராசுக்கு மட்டும் இன்னும் கொரோனா மாறல்லையா சேர்?"

யன்னலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நல்லரத்தினம் எழுந்து யன்னலைச் சாத்தினார்.

"எங்கட ஊருல நாப்பத்திமூணு புள்ளையள்," வதனி விடவில்லை. "ஊசி இல்ல, திரிபோஷா சத்துமா இல்ல. தராசில தொங்கவிட்டு நிறுக்கிறதுக்கு எண்டு ஒவ்வொரு தாயும் காற்சட்டை தைச்சு வச்சிருக்காள். காற்சட்டைதான் சின்னதாப் போச்சு."

"இஞ்ச பாருங்க, சத்தம் போட்டா பொலிசக் கூப்பிடுவன்."

"கூப்பிடுங்க. நாங்க இஞ்சதான் இருப்பம். சோறும் கட்டிக்கொண்டுதான் வந்த நாங்க."

இந்தப் பெண்ணை அதட்டி அனுப்ப முடியாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. குரலைத் தணித்தார்.

"கிளினிக்தான் பூட்டு. சேவை ஒருநாளும் நிக்கல்ல. பக்கத்து ஊர் மிஸ்ஸி மாசம் ஒருக்கா வீடு வீடா வந்து நிறுக்கிறாதானே?"

"எங்கட ஊருக்கா? ஒரு குருவியும் வரல்ல."

"அப்ப நான் பொய் சொல்லுறனா?" அவருக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. அலுமாரியைத் திறந்து தடித்த பதிவேடொன்றை எடுத்து மேசையில் போட்டார். "உங்கட புள்ளைட பேரச் சொல்லுங்க."

"கம்சாயினி."

விரலால் தேடிக்கொண்டே போனவரின் முகம் மலர்ந்தது.

"இந்தா இருக்கு! ஓகஸ்ட், பதினாலு கிலோ. செப்டெம்பர், பதினாலு இருநூறு. ஒக்டோபர், பதினாலு நானூறு. மாசம் இருநூறு கிராம், ஒரு மாசமும் தவறல்ல. இப்பிடிப் புள்ளைய வச்சுக்கொண்டா சண்டைக்கு வாறீங்க?"

வதனி பதிவேட்டின் பக்கம் குனிந்தாள். அவ்வளவு நேரமும் இருந்த சூடு அவள் குரலில் இல்லை.

"முதல்ல இருந்து வாசிங்க சேர்."

"எல்லாத்தையுமா?"

"ஓம். எல்லாத்தையும்."

எட்டுக் கிலோ அறுநூறிலிருந்து முப்பது மாதத்தையும் ஒவ்வொன்றாக வாசித்தார். அவள் இமை கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்கக் கேட்க அவளுக்கு ஆசையாக இருந்தது.

"நல்லா வளந்திருக்காள்," என்றாள்.

"அதத்தானே புள்ள நானும் சொல்லுறன்!"

"அப்ப அந்தப் பக்கத்தப் போட்டோக் கொப்பி எடுத்து, கையெழுத்தும் சீலும் வச்சுத் தாங்க. வெளிய இருக்கிறவங்களுக்குக் காட்டணும்."

தொல்லை விட்டது என்று நல்லரத்தினம் தானே எழுந்து போய்க் கொப்பி எடுத்து வந்தார். கையெழுத்தைப் போட்டு, மேசை அதிரச் சீல் குத்திக் கொடுத்தார்.

வதனி அதை இருமுறை வாசித்துப் பார்த்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்து இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவள் குரல் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

"வாற திங்கள் ஒன்பது மணிக்கு மிஸ்ஸியும் தராசும் எங்கட ஊருல நிக்கணும் சேர். இல்லாட்டி செவ்வாய்க்கிழமை இந்த ரெண்டு தாளும் கொழும்புக்குப் போகும்."

"என்ன, மிரட்டுறீங்களா?" என்று சிரித்தபடியே இரண்டாவது தாளை இழுத்துப் பார்த்தவருக்கு வாய் மூடவில்லை.

அது கம்சாயினியின் மரண அத்தாட்சிப் பத்திரம்: வயது ஒன்று, இறந்த திகதி இரண்டரை வருடத்துக்கு முந்திய முதல் ஊரடங்கில் ஒரு நாள்.