அண்டாவில் வந்த ஆட்டுக்குட்டி

பன்னிரண்டு வயதில், பவானி ஆற்று வெள்ளத்தில், நெல் அவிக்கிற பித்தளை அண்டாவுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து பதினெட்டு மைல் போனவன் நான். சட்டை நனையவில்லை. நடுவழியில் வெற்றிலைகூடப் போட்டேன்.

இதை நான் சொன்னது, அதே அண்டாவின் விளிம்பில் உளி ஏறியிருந்த நேரத்தில்.

உளியைப் பிடித்திருந்தவர் கலீல் ரஹ்மான் பாய். கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடை வைத்திருப்பவர். எங்கள் கோபிசெட்டிபாளையத்து வீட்டுக்கு மதிப்புப் போட வந்திருந்தார்.

உடைக்கச் சொன்னது என் சித்தப்பா மகன் தனபால்.

தொண்ணூற்று நான்கில் எங்களுக்குள் பாகம் பிரிந்தது. உரல் அவனுக்கு, உலக்கை எனக்கு என்கிற அளவுக்குப் பிரித்தாயிற்று. மிச்சம் இந்த அண்டாதான். வெட்டி ஆளுக்குப் பாதி என்று நின்றான்.

பதினோரு வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. திட்டுவதென்றாலும் மூன்றாம் ஆள் வழியாகத்தான்.

"ஏனுங்க பாய், அந்தாளு ரிட்டயர் ஆனதுக்கப்பறம் வாயி மட்டும்தான் வேலைக்குப் போகுது. நீங்க அடிங்க."

பாய் அடிக்கவில்லை. அண்டாவை விரலால் சுண்டினார். சத்தியமங்கலம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"நூறு வருசத்துக்குக் குறையாதுங்க. முழுசா வாங்கற ஆளு ரேஸ் கோர்ஸ்ல இருக்குது. இவரு சொல்றது நெசம்னா, கதையுள்ள பாத்தரத்துல நான் உளி வைக்க மாட்டேன். நெசமுங்களா?"

"பச்சைப் பொய்யிங்க."

நாற்பத்தாறு வருடமாக அப்படித்தான் சொல்கிறான். அவன் சுத்தியலைத் தானே கையில் எடுத்தான்.

நான் பாயிடம் மேற்கொண்டு சொன்னேன். என் மடியில் ஓர் ஆட்டுக்குட்டி இருந்தது. வழியெல்லாம் கத்தல். ஓயாமல் மூக்கு ஒழுகல். பயத்தில் இரண்டு தடவை அண்டாவுக்குள்ளேயே மூத்திரம் வேறு. அப்படியொரு கோழை ஆட்டைப் பிறகு எந்தச் சந்தையிலும் நான் பார்க்கவில்லை. கரையேற்றி விட்டதும் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடிவிட்டது. நன்றி கெட்ட ஆடு.

தனபாலின் மனைவி வள்ளியாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனுக்குக் காது இரண்டும் சிவந்துவிட்டன. சுத்தியலைக் கைக்குக் கை மாற்றினான். பிறகு வெடித்தான்.

"பதினெட்டு மைலும் இல்ல, வெத்தலையும் இல்லீங்க பாய்! அண்ணன் உள்ளயே உக்காரல. கழுத்தளவு தண்ணிக்குள்ள கெடந்து, நீந்தி நீந்தி அண்டாவத் தள்ளிட்டு வந்தாரு."

வள்ளியாத்தாள் சிரிப்பை நிறுத்தினாள். பாய் உளியை எடுத்துப் பைக்குள் போட்டார்.

தனபால் அண்டாவின் உள்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உள்ள இருந்தது ஆடு இல்லீங்க" என்றான். "அப்பறம், மூத்திரம் ஒருக்காத்தான் போனேன்."