நசுங்காத கார்

மேசைமேல் இரண்டு கேரம் காய்களை மோதவிட்டுக் காட்டினார் லோகநாயகி டீச்சர். டக்கென்று விலகி ஓடின. நசுங்கலும் இல்லை, ஆற்றல் இழப்பும் இல்லை: ஏறக்குறைய மீட்சி மோதல்.

அடுத்து இரண்டு களிமண் உருண்டைகள். மோதின, நசுங்கின, ஒட்டிக்கொண்டன. இது மீட்சியற்ற மோதல். இயக்க ஆற்றலில் ஒரு பங்கு நசுங்குவதிலேயே செலவாகிவிடும்.

இந்தப் பாடத்தை ஒரு வாரமாகத் தள்ளிப்போட்டிருந்தார். பரீட்சை நெருங்கிவிட்டது, வேறு வழியில்லை.

ரிஃபானா எழுந்தாள். அவளுடைய அத்தா சௌகத் அலி கால் முறிந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். போன ஞாயிறு சதுரங்கப்பட்டினம் சாலையில், பின்னால் வந்த கார் ஒன்று அவர் ஸ்கூட்டரை இடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது.

"மிஸ், அத்தா ஸ்கூட்டர் எகிறிப் போயி சவுக்குத் தோப்புல வுழுந்துச்சு. கேரம் காய் மாதிரி வெலகித்தானே போச்சு? அப்ப அது மீட்சி மோதலா? அந்தக் காரு நசுங்கியிருக்காதா?"

விலகினால் மட்டும் போதாது. நசுங்கினால் அது மீட்சியற்றதுதான். சாலையில் அப்படி மோதிய கார் நசுங்காமல் தப்பாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் டீச்சர் இதைச் சொல்வார்.

பம்பர் உள்ளே போய், விளக்கு உடைந்த மாருதி ஒன்று வெளியூர்ப் பட்டறையில் நிற்பதும் அவருக்குத் தெரியும். அன்றைக்குக் கார் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தவர் அவர்தான். பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்தவரும் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர், அணுமின் நிலைய டவுன்ஷிப்பில் இன்ஜினியர், நிறுத்தாதே போ என்றார். போனார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயெடுத்தார். சத்தியமாக எடுத்தார்.

"ஆமாம்மா, மீட்சி மோதல்தான். கார்ல ஒரு கீறல்கூட இருக்காது."

வகுப்பு மொத்தமும் குனிந்து எழுதிக்கொண்டது. பாவி, இந்தப் பிள்ளைகளின் பரீட்சையையும் சேர்த்துக் கெடுக்கிறேனே என்று மனம் அடித்துக்கொண்டது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதியைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

ரிஃபானாவின் முகம் தெளிந்தது.

"நல்லவேளை உங்களாண்ட கேட்டேன் மிஸ். அத்தாவோட தம்பி, எங்க சாச்சா, வேல வெட்டிய வுட்டுட்டு, பட்டறை பட்டறையா நசுங்கின காரத் தேடிகினு கீறாரு. பாவம், இனிமே அலைய வாணாம்னு சொல்லிடறேன்."

டீச்சர் சரி என்று தலையாட்டினார்.