ஒலிவத் தோப்புக்கு அப்பால்

கப்பல் வேலைக்குப் போன தம்பி கஸ்பார், சில வருடங்களுக்கு முன் கிரேக்க நாட்டுச் சிற்றூர் ஒன்றில் காய்ச்சலில் இறந்து அங்கேயே அடக்கமானான். அவன் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றத்தான் தூத்துக்குடியிலிருந்து பிரகாசி வந்தாள். ஊரையும் ஒலிவத் தோப்புகளையும் தாண்டி அவள் கல்லறைத் தோட்டத்துக்குள் நுழைந்தபோது குழி திறந்து கிடந்தது. அருகே ஒரு பெண் மண்டியிட்டு, எலும்புகளைத் திராட்சை ரசத்தில் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிரகாசி கூட வந்தவனிடம் திரும்பினாள். “யாரக் கேட்டுத் தோண்டுனாவ?”

“இங்க வழக்கமே அதாங்க்கா,” என்றான் கஸ்பாரோடு கப்பலில் இருந்த சிலுவை. “கொஞ்ச வருசத்துல எடுத்துக் கழுவி, பெட்டில வச்சிருவாவ. சொந்தக்காரங்கதான் கழுவணும். இவனுக்கு இங்க யாரு இருக்கா? காய்ச்சல்ல இவன் கெடந்தது இந்தத் தெஸ்பினா அம்மா வீட்லதான். அதான் அவுகளே வந்துட்டாவ.”

தெஸ்பினா எழுந்து, ஈரம் சொட்டும் மண்டையோட்டைப் பிரகாசியிடம் நீட்டி ஏதோ சொன்னாள்.

“முத்தங்குடுக்கச் சொல்லுதாவக்கா.”

பிரகாசி பின்னால் நகர்ந்தாள். அப்போதுதான் ஒன்றன்மேல் ஒன்று ஏறிய, தம்பியின் அந்த முன்பற்களைப் பார்த்தாள். இரண்டு கைகளாலும் வாங்கினாள். இவ்வளவு லேசாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

பிறகு மண்ணில் உட்கார்ந்து அதை மடியில் வைத்து, திராட்சை ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

“மிச்சத்த நான் கழுவுதேன்னு சொல்லு, சிலுவை.”