ஒரு கோடு சிக்னல்

“மாமா காதுல மட்டும் விழுந்துச்சு, என் தோலை உரிச்சிருவாருக்கா!”

பக்கத்து வீட்டு மருமகள் பிரியா, பூண்டு வயலில் களை எடுக்கிற சாக்கில் வந்து, தங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை ஆக்ஸிலியாவின் காதில் ஓதிவிட்டு ஓடியே போய்விட்டாள்.

மலைக்கிராமமான பேத்துப்பாறையில் அந்தச் சரிவுக்குச் செல்போன் சிக்னல் எட்டாது. ஒயர் இழுத்து இன்டர்நெட் வைத்திருப்பது பிரியாவின் மாமனார் சேனாதிபதி மட்டும்தான். அவரிடம் நேரில் போய்க் கேட்கவா முடியும்? ஓடைத் தண்ணீர் இழுக்கும் கறுப்பு ஓஸ் குழாய் யாருடையது மேலே, யாருடையது கீழே என்று போன கோடையில் சண்டை. அன்றைக்கே இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஆள் உயரத்துக்குத் தகர வேலி அடித்துவிட்டார் மனுஷன். அதற்கப்புறம் பேச்சும் இல்லை, முகம் பார்ப்பதும் இல்லை.

ஆக்ஸிலியாவுக்கோ வேறு வழியில்லை. ஜீப் கவிழ்ந்து, டிரைவர் புருஷன் செபாஸ்டின் காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறான். மதுரையில் ஒரு பதிப்பகம், வீட்டிலிருந்தே தமிழ் டைப் அடிக்க ஆள் எடுக்கிறது. தேர்வு ஆன்லைனில். போனில் எழுதக் கூடாது, கம்ப்யூட்டர்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

கம்ப்யூட்டர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்டது. மலை ஈரம் ஏறாமல், பல்பு எரிகிற அலமாரிக்குள் வைத்து அவள் காப்பாற்றி வந்த கிழட்டுப் பெட்டி. பெருமாள்மலைக் கடையில் வாங்கிய வைஃபை குச்சியைச் செருகினால், யார் வீட்டு விருந்தாளியோ என்று முழித்தது.

“இதுக்கு சாஃப்ட்வேர் போடணுமாம்ங்க. அது இன்டர்நெட்லதான் இருக்காம்.”

“சரி, இன்டர்நெட்டு?”

“குச்சி வேலை செஞ்சாத்தான் வரும்.”

“நல்ல கூத்து!” என்றான் செபாஸ்டின்.

கடையில் போய்க் கேட்டால், “பழைய இரும்புக்குப் போடுங்கக்கா” என்றான் கடைக்காரன் முருகவேல். விடுவாளா ஆக்ஸிலியா? மறுபடி பஸ் ஏறிப் போய், “புதுசு வேணாம், இந்தப் பொட்டி பொறந்த காலத்து சாஃப்ட்வேரைத் தேடு” என்று அவன் உயிரை வாங்கி, பென் டிரைவில் ஏற்றிக்கொண்டுதான் வந்தாள்.

தேர்வு நாள் காலை. குச்சியில் பச்சை விளக்கு மினுக்கியது.

“எரியுதுங்க! மாதாவே, எரியுது!”

எரிந்து என்ன? தேர்வுப் பக்கம் திறப்பேனா என்றது. திரையின் மூலையைப் பார்த்தவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இதுல இன்னும் 2009 ஜனவரி ஓடுது! தேதி தப்பா இருந்தா எப்படித் தொறக்கும்?”

“அப்ப நமக்கு இன்னும் கல்யாணமே ஆகல! ஏய், மாத்தாதடி, கொஞ்ச நேரம் அப்படியே கெடக்கட்டும்.”

“ஆசையப் பாரு!”

தேதியைத் திருத்தினாள். பக்கம் பட்டென்று திறந்தது. ஆனால் சிக்னல் ஒரே ஒரு கோடு. நாலு வார்த்தை அடித்தால் திரை நின்றுபோனது. மேலே கடிகாரம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்தா ஆரம்பிக்க வேண்டும்?

டங்! டங்! டங்!

தகர வேலியில் சுத்தியல் அடி. சேனாதிபதிதான். காது கிழிந்தது.

“ஏய்யா! இப்பத்தான் ஒமக்கு இந்தச் சோலி அகப்பட்டுச்சா?” செபாஸ்டின் படுத்த இடத்திலிருந்து கத்தினான்.

அடி இன்னும் வெரசாக விழுந்தது.

“நம்ம நல்லா இருந்துரக் கூடாதுன்னே பொறந்த ஆளுங்க!” ஆக்ஸிலியாவுக்கு அழுகையே வந்துவிட்டது. திரை மறுபடி நின்றது. போச்சு, எல்லாம் போச்சு.

டங்! தடால்!

திடீரென்று திரை அசைந்தது. ஒரு கோடு இரண்டானது. இரண்டு நாலானது. கிழட்டுப் பெட்டிக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! அவள் விரல் பறந்தது. கடைசி வரியை அடித்து முடிக்கவும் கடிகாரம் நிற்கவும் சரியாக இருந்தது.

‘தேர்வாகிவிட்டீர்கள்.’

“ஏங்க! ஜெயிச்சுட்டேங்க!” துள்ளிக் குதித்தாள். மாவுக்கட்டை மறந்து எழுந்திரிக்கப் பார்த்த செபாஸ்டின், “அம்மாடி!” என்று அலறிக்கொண்டே சிரித்தான்.

“இருங்க, அந்த மனுஷன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வர்றேன். அம்புட்டு இடைஞ்சல் பண்ணியும் ஜெயிச்சுட்டேன்னு!”

படாரென்று பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

வேலியைக் காணோம். கழற்றிய தகரமெல்லாம் புல்லில் கிடந்தது. சாரலில் தொப்பலாக நனைந்து, கையில் சுத்தியலோடு சேனாதிபதி. அவருடைய ஜன்னல் விளிம்பில் வைஃபை பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு மேல் பிரியா குடை பிடித்துக்கொண்டிருந்தாள்.

“தகரம் துருப்பிடிச்சுப் போச்சு” என்றார் அவர், எங்கேயோ பார்த்துக்கொண்டு.

“பொய்யிக்கா! அக்காவுக்கு இன்னிக்குப் பரீட்சை, தகரத்துக்கு அந்தாண்ட சிக்னல் போகாதேன்னு சொன்னேன், சுத்தியலைத் தூக்கிட்டாரு. பாஸ்வேர்டைக் குடுக்கச் சொன்னதே இவருதான். ‘என் பேரைச் சொன்னா வாங்க மாட்டாக, களவாக் குடுக்குற மாதிரி குடு’ன்னாரு.”

“அண்ணே...” ஆக்ஸிலியா கிடந்த தகரத்தைத் தாண்டி அவர் பக்கம் போனாள்.

“அதெல்லாம் கெடக்கட்டும் தாயி. டைப்பு அடிச்சு முடிச்சாச்சா, இல்ல இந்தக் கூரைத் தகரத்தையும் பிரிக்கணுமா?”