முடிவு எண்

லாக்கப்பில் செத்துப்போன சவரிமுத்துவின் கடைசி நிமிடங்கள், கேமராப் படங்களாகத் திரையில் எண் வாரியாக வரிசைகட்டி நின்றன. முதல் அடி விழும் படத்திலிருந்து பூட்ஸ் கால் அவன் கழுத்தில் ஏறி நிற்கும் படம்வரை வெட்டி அழிக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு. அதற்காகவே வீட்டிலிருந்து தூக்கி வரப்பட்ட புரோகிராமர் எழிலரசி, கீபோர்டில் வைத்த விரல்களை எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். படத்தில் சவரிமுத்து வாயில் ரத்தம் வழிய, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னம்மா யோசனை? அவன் படுத்த இடத்துல நீயும் படுக்கிறியா?"

லத்தி அவள் தோளில் அழுந்தியது.

அவள் எழுதும் கட்டளை, முடிவு என்று கொடுக்கும் எண்ணுக்கு முந்தைய படத்தோடு நின்றுவிடும். பூட்ஸ் கால் கழுத்தில் நிற்கும் கடைசிப் படமும் போக வேண்டுமென்றால் எண்ணோடு ஒன்று கூட்ட வேண்டும். எழிலரசி கூட்டவில்லை.

"எல்லாம் போச்சா?"

"போச்சு சார்."

அவர் நாற்காலியை அவளருகே இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"மெதுவா ஓட்டிக் காட்டு."